வெள்ளிக்கிழமை முட்டை

அம்மாசி வீட்டுக் கோழி வாரத்துக்கு ஒரு முட்டைதான் போட்டது. ஜப்பான்காரன் காலத்தில் கோழிக்கும் ரேசன்தான். கூலிக்காரர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற அந்த லயத்தின் எட்டு வாசலுக்கும் மிஞ்சியிருந்த ஒரே கோழி அது. வெள்ளிக்கிழமை காலையில், மருதம்மாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து கூடையைத் தூக்கும் நேரம் பார்த்துப் போடும். முந்திப் போட்டால் வேறு கை எடுத்துவிடும் என்று அதற்கும் தெரிந்திருந்தது. எதிர்வாசலில் குடியிருந்தவன் நான். என்னைப் பார்த்தால் அது எழுந்திருக்காது.

எங்கள் தோட்டம் பாடாங் செராய்க்கும் கரங்கானுக்கும் நடுவில் இருந்தது. துரை சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிப் போனான். ரப்பர் மரத்தில் பால்வெட்டு நின்றது. ஆண்களில் பாதிப் பேரைச் சயாமில் ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். அம்மாசிக்கு இடது காலில் பழைய வெட்டுக்காயம், நொண்டுவான், அதனால் விட்டார்கள். எனக்கு ஒரு வலிப்பு இருந்தது. ஆள் பிடிக்க வருகிற நாளில் மட்டும் வரும். மிச்சமிருந்தவர்களுக்குப் பால்மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு மரவள்ளி நடுகிற வேலை. அம்மாசிக்குக் கிடைத்தது மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு துண்டு. நாற்பத்து நாலாம் வருடம் மாசியில் முந்நூறு குச்சி ஊன்றினான். கிழங்கு முற்ற மார்கழி ஆகும். அதுவரை தலைக்கு ஒரு மங்கு ரேசன் அரிசி, மரவள்ளிக் கீரை, கிடைத்தால் உப்பு.

அம்மாசி பேசுகிற ஆள் இல்லை. நாளைக்கு நாலு வார்த்தை பேசுவான், அதற்கு மேல் வராது. வீட்டில் பேச்செல்லாம் அவன் அக்காள் மருதம்மாள்தான். புருசன் செத்தபின் தம்பி வீட்டோடு வந்தவள். தம்பி பெண்டாட்டி ராக்காயிக்கு ஒன்பது வருடமாகப் பிள்ளையில்லை. கோயிலுக்குப் பின்புறப் புற்றில் மருதம்மாள் நேர்ந்துகொண்டாள்: பிள்ளை பிறந்தால் ஒரு வருடம், வெள்ளிக்கு வெள்ளி ஒரு முட்டை. பங்குனியில் பெண் பிறந்தது. நாகம்மா என்று பெயர் வைத்தார்கள். அந்த வாரமே முட்டை புற்றுக்குப் போகத் தொடங்கியது.

புற்றும் சாதாரணப் புற்று இல்லை. வெட்டிச் சாய்த்த பால்மரமெல்லாம் கறையானுக்கு விருந்து. இடுப்பு உயரத்தில் இருந்த புற்று ஒரே வருடத்தில் ஆளை முழுங்கும் உயரம் வளர்ந்தது. கங்காணி ஒருவர் அதன் நிழலில் நின்று காலையில் ஆள் எண்ணிப் பெரட்டு எடுத்தார் என்று சொல்வேன், ஆனால் அவர் இப்போது உயிரோடு இல்லை, கேட்க முடியாது. அதற்குள் ஒரு நல்லபாம்பு. எங்கள் தோட்டத்தில் மிச்சமிருந்த ஒரே பாம்பு அதுதான்.

மற்றதெல்லாம் பிச்சை பிடித்துவிட்டான்.

பிச்சை எங்கள் லயத்துக் கடைசி வாசல்காரன். மூக்கை வைத்தே பாம்பு இருக்குமிடம் சொல்லுவான். பாடாங் செராயில் கடை வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கே பாம்புக்குப் பதில் அரிசியும் உப்பும் கொடுத்தான். ஒரு மலைப்பாம்பைப் பிச்சை தோளில் சுற்றிக்கொண்டு போனபோது, வால் லயத்து வாசலைத் தாண்டுவதற்குள் தலை தவுக்கே கடைக்குள் நுழைந்துவிட்டது என்பார்கள். நான் வாலைத்தான் பார்த்தேன். தலைக்குச் சாட்சி சொல்ல மாட்டேன். சாரை முடிந்ததும் ஆந்தை, ஆந்தை முடிந்ததும் மரநாய். பூனைகள் எங்கே போயின என்று நான் எழுத மாட்டேன். அவற்றைத் தின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார்கள்.

ஆனி மாதம் எலி வந்தது.

முதலில் யாருக்கும் தெரியவில்லை. மேலே செடி பச்சையாக நிற்கும். பிடித்து ஆட்டினால், விழப்போகிற பல்லைப் போல ஆடும். தோண்டினால் கிழங்கு இருந்த இடத்தில் தோல் மட்டும், உள்ளே மண். அம்மாசி ஒரு வரிசையில் பத்துச் செடி ஆட்டிப் பார்த்தான். ஆறு ஆடின. மண் வெட்டுகிற சாங்குலைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் அந்த நாலு வார்த்தையையும் பேசவில்லை.

பிச்சைக்கு மட்டும் கொண்டாட்டம். பொறி வைத்து நாளைக்கு இருபது எலி பிடித்தான். டிஸ்பென்சரித் திண்ணையில், காயத்துக்கு மருந்து கட்டுகிற டிரஸ்ஸர் ராமையா சும்மா உட்கார்ந்திருப்பார். மருந்து தீர்ந்து ஒரு வருடமாகிவிட்டதால் வருகிறவர்களுக்குப் பேச்சுத்தான் கொடுப்பார். அம்மாசி விரலில் பட்ட காயத்தைக் காட்டப் போயிருந்தான். துணைக்கு நானும் போனேன். பிச்சை எலிகளை வாலோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான்.

"டிரஸ்ஸரய்யா, இந்த அம்மாசி அண்ணனுக்கு எடுத்துச் சொல்லுங்க. மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு திரியுறாரு. எலி கிழங்கத் திங்கிது, நாம எலியத் திங்கிறோம். கிழங்கு நாலு காலு வச்சு நம்ம வீட்டுக்கே நடந்து வருது. இதுல என்னா நட்டம்?"

ராமையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் ஒரு பக்கம் கண்ணாடியே இல்லை.

"ஏன்டா பிச்ச, ரேசன் அரிசி டவுன்ல கெளம்புறப்ப எத்தன மூட்ட?"

"லோரி நெறைய."

"நம்ம மங்குக்கு வர்றப்ப?"

"அரை மங்கு. கல்லோட சேத்து."

"மிச்சம் எங்க போச்சு?"

"லோரிக்காரன், ஸ்டோர்க்காரன், கணக்கு எழுதுற கிராணி, வேல வாங்குற மண்டோரு. அவனவன் தின்னுட்டான்லா."

"தின்னுட்டு என்னா பண்ணான்?"

பிச்சை யோசித்தான். "நடந்தான். கத்துனான். நம்மள நாலு சாத்து சாத்துனான்."

"அதான்டா. தின்னதெல்லாம் நடந்தும் கத்தியும் தீந்துபோவும். ஒடம்புல ஒட்டுறது கொஞ்சம். எலியும் அப்பிடித்தான். கிழங்கத் தின்னுபுட்டுக் கூரையில ஓடுது, சண்ட போடுது, குட்டி போடுது. பத்துக் கூட கிழங்கு தின்னுச்சின்னா ஒரு கூட எலி. மிச்ச ஒம்பது கூடயும் ஓட்டத்துல போயிருச்சு. நீ வாலப் புடிச்சுத் தூக்கிட்டு வர்றது அந்த ஒரு கூட."

"அப்ப பாம்பு?"

"அது எலிகிட்ட வாங்குது. பத்துக்கு ஒண்ணு."

"பாம்பத் தின்ன நானு?"

"நீதான் கடைசிக் கை. அதான் எலும்பும் தோலுமா நிக்கிற."

பிச்சை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மனசு நொந்துவிட்டது. "அப்ப யாருதான் முழுசா வாங்குறது?"

ராமையா திண்ணையின் ஓரத்தில் முளைத்திருந்த லாலான் புல்லைக் காட்டினார். "இதான். சூரியன்தான் பெரிய ஸ்டோரு. எல இருக்கில்ல, அது நேரா அங்க போயி வாங்கிக்கும். மத்தவன் பூரா கை மாறி வாங்குறவன். நீ போயி நடுவுல நின்ன மண்டோரத் தூக்கித் தவுக்கேகிட்டக் குடுத்துட்ட. இப்ப எலிய மெரட்ட ஆளில்ல. பெரட்டுக்கும் வராம, வேலையும் செய்யாம, நேரா ஸ்டோருக்குள்ள பூந்து திங்கிது."

"நல்ல மண்டோர்னு ஒருத்தன் இருக்கான்னு இன்னைக்குத்தான் கேள்விப்படுறேன்" என்றான் பிச்சை.

அம்மாசி விரலைக் காட்டாமலே எழுந்து வந்துவிட்டான். வழியெல்லாம் எதையோ யோசித்துக்கொண்டு வந்தான்.

ஆடி பிறந்தது. சாயங்காலம் சாயங்காலம் மழை. ஈர விறகு எரியாமல் லயம் முழுக்கப் புகை. ராக்காயிக்குப் பால் குறைந்தது. நாலு மாதப் பிள்ளை மாரைக் கடித்துவிட்டு அழும். முதலில் லயமே எழுந்திருக்கிற மாதிரி அழுதது. பிறகு சத்தம் குறைந்தது. அழுகை குறைந்தால் பசி தீர்ந்தது என்று அர்த்தமில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் அதே லயத்தில் இரண்டு பிள்ளைகள் அப்படிச் சத்தம் குறைந்துதான் போயின. கிழங்குக் கஞ்சியைத் துணியில் நனைத்து வாயில் வைத்தார்கள். துப்பிவிட்டது.

ராமையா வந்து பார்த்துவிட்டு, "மருந்தில்ல. தாய்க்கு முட்ட குடுங்க. ரெண்டு மூணு வாரம் குடுத்தா பால் ஊறும்" என்றார்.

மருதம்மாள் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "முட்ட புத்துல இருக்குற அம்மாவுக்கு நேந்தது."

"பாம்புக்கு எதுக்கம்மா வாரா வாரம் முட்ட? ஒண்ணு தின்னா பத்து நாளு அசையாது. அது பாட்டுக்கு எலி புடிச்சுத் திங்கட்டுமே."

"நீங்க கைராசிக்காரரு, ஒங்க வேலையப் பாருங்க. ஒம்பது வருசம் எந்த டிரஸ்ஸரு குடுத்தாரு இந்தப் புள்ளைய?"

ராமையா குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ராக்காயி கோழிக்கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பாம்பைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கு வெள்ளி முட்டை தின்று அதற்கு உடம்பு போட்டுவிட்டது. மத்தியானத்தில் புற்று வாயில் தலையை வைத்துப் படுத்திருக்கும். எலிகள் அம்மாசியின் மரவள்ளிக் கொல்லைக்குப் போகிற பாதை அதன் முன்னால்தான். ஒரு நாள் நாலு எலிக்குட்டிகள் அதன் முதுகின் மேல் ஏறி இறங்கி விளையாடியதைப் பார்த்தேன். நம்பச் சொல்லவில்லை. நானும் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அப்போது ஐந்து இருந்தன.

ஆடி இரண்டாம் வெள்ளிக்கு மருதம்மாளின் கால் இரண்டும் வீங்கிவிட்டன. அரிசி இல்லாத அந்தக் காலத்தில் பாதிப் பேருக்கு வந்த வீக்கம்தான். அமுக்கினால் குழி விழும், குழி மூட அரை நாள் ஆகும். எழுந்திருக்க முடியவில்லை. முட்டையை ராக்காயி கையில் கொடுத்து அனுப்பினாள்.

"புத்து வாயில வச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரணும். பாத்தா அம்மா தொடமாட்டா."

"சரி மதினி."

நான் அந்த நேரம் புற்றுக்குப் பின்னால் இருந்தேன். விறகு பொறுக்கப் போயிருந்தேன் என்று என் பெண்டாட்டியிடம் சொன்னேன். உண்மையில், மருதம்மாளின் கால் வீங்கிய செய்தி கேட்டதும் எனக்கு வந்த யோசனை அந்த முட்டை. ராக்காயி வந்து, வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போவாள். அவள் கோயிலைத் தாண்டியதும் எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ராக்காயி வந்தாள். முட்டையைப் புற்று வாயில் வைத்தாள். கும்பிட்டாள். பிறகு அதே முட்டையை எடுத்தாள். புற்றின் மேட்டில் தட்டி ஓட்டை போட்டு, தலையை அண்ணாந்து ஒரே மடக்கில் குடித்தாள். வாயைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெறும் முட்டையோட்டைப் புற்று வாய்க்குள் தள்ளினாள். திரும்பும்போது என்னைப் பார்த்துவிட்டாள்.

"நீங்க எங்கண்ணே இங்க?"

"வெறகு பொறுக்க."

என் கையில் ஒரு சுள்ளிகூட இல்லை. அவள் என் கையைப் பார்த்தாள். நான் அவள் வாயைப் பார்த்தேன். ஓரத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"நான் ஒங்களப் பாக்கல" என்றாள்.

"நானும் பாக்கலம்மா. வாய நல்லாத் தொடச்சுக்க."

ஐந்து வெள்ளி இப்படிப் போயிற்று. மூன்றாவது வாரம் பிள்ளை மறுபடி சத்தமாக அழத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அம்மாசி வாசலில் உட்கார்ந்து சிரித்தான். ஐந்தாவது வாரம் அழுகையை விட்டுவிட்டுக் குடித்தது.

எலி குறைந்ததை யாரும் முதலில் கவனிக்கவில்லை. பிச்சைதான் பொறியில் விழவில்லை என்று புலம்பினான். இருபது விழுந்த இடத்தில் எட்டு, பிறகு மூன்று.

ஆவணி மாதம் மருதம்மாளின் கால் வடிந்தது. தவிட்டுக் கஞ்சி வைத்தியம், ராமையா சொன்னது. குச்சி ஊன்றிக்கொண்டு அவள் முதலில் போனது புற்றுக்குத்தான். திரும்பி வரும்போது முந்தானையில் எதையோ முடிந்திருந்தாள். நான் வாசலில் கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். அவள் நடையைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"ராக்காயி! இங்க வாடி."

"என்னா மதினி?"

முந்தானையை அவிழ்த்தாள். ஐந்து முட்டை ஓடு. ஒவ்வொன்றிலும் நுனியில் ஒரே அளவு ஓட்டை.

"பாம்பு முட்டைய முழுசா முழுங்கும்டி. ஓட்ட ஒடச்சு, குடிச்சிட்டு, வாசல்ல அடுக்கி வைக்கிறதுக்கு அது என்னா, பங்களாவுல மேச போட்டா திங்கிது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து தோலைச் சீவினேன்.

"நான்தான் குடிச்சேன் மதினி. அஞ்சு வாரமும்."

"நேந்தது நானுடி. அந்த வாசல்ல ஈரச் சேலையோட எத்தன வெள்ளி வுழுந்து கெடந்தேன் தெரியுமா?"

"தெரியும். அப்பிடி வாங்குன புள்ளதான் பால் இல்லாம சத்தம் கொறஞ்சு கெடந்துச்சு. குடுத்தவ திரும்ப எடுத்துக்கவா குடுத்தா? நீங்களே சொல்லுங்க மதினி."

மருதம்மாள் தரையில் உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது. "அவ புத்துல இல்லடி. போய்வந்த தடமே இல்ல. எல காஞ்சு கெடக்கு. பசிச்சுப் போயிட்டா. எங்க போனாளோ. புள்ளைக்கு ஒண்ணுன்னா நான் யாருகிட்டப் போயி நிப்பேன்?"

அப்போதுதான் பிச்சை கவட்டைக் குச்சியோடு ஓடி வந்தான்.

"மருதக்கா! ஒங்க பாம்பு அண்ணன் கொல்லையில இருக்கு. புத்துல இருந்தவரைக்கும் நான் கைய வச்சேனா? இல்ல. இப்ப வெளிய வந்துருச்சு. வெளிய வந்தா வெறும் பாம்புதானே? அதான் ஒரு வார்த்த கேட்டுட்டுப் புடிப்போம்னு வந்தேன். நல்ல கொழுத்த பாம்பு. தவுக்கே ஒரு டின் அரிசி குடுப்பான். பாதி ஒங்களுக்கு."

நான் பாம்பின் பக்கம் இருந்தேன் என்று சொன்னால் பொய். எனக்கு அரிசி வேகிற வாசமே வந்துவிட்டது. ராக்காயி பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முதலில் நடந்தாள். எல்லோரும் பின்னால் போனோம்.

கொல்லையின் நடு வரிசையில் கிடந்தது. பழைய உடம்பு இல்லை, இளைத்திருந்தது. வாயில் ஒரு எலி, பாதி உள்ளே, பாதி வெளியே. எலியின் வயிறு மரவள்ளியைத் தின்று பானையாக இருந்தது. பாம்பு எங்களைப் பார்த்தது. வேலையை விடவில்லை. அதற்குப் பின்னால் மரவள்ளி வரிசை நின்றது. அம்மாசி குனிந்து ஒரு செடியைப் பிடித்து ஆட்டினான். ஆடவில்லை. அடுத்ததை ஆட்டினான். அதுவும் ஆடவில்லை.

பிச்சை கவட்டையை நீட்டிக்கொண்டு ஒரு எட்டு வைத்தான்.

"பிச்ச, குச்சியக் கீழ போடு" என்றான் அம்மாசி.

பிச்சை திகைத்துவிட்டான். பாம்புக்குப் பயப்படாதவன் அம்மாசி பேசியதற்குப் பயந்தான். "அண்ணே, ஒரு டின்னு..."

அம்மாசிக்கு அன்றைய நாலு வார்த்தையும் தீர்ந்துவிட்டது. நொண்டிக்கொண்டு போய்ப் பிச்சைக்கும் பாம்புக்கும் நடுவில் நின்றான். பாம்பு காலடியில் இருந்தது. மருதம்மாள் குச்சியை ஊன்றி வந்து தம்பியின் பக்கத்தில் நின்றாள். விழுங்கி முடிகிறவரை பாம்பையே பார்த்தாள்.

"என்னடா பாக்குற பிச்ச? வேலைக்கு வந்துருக்காடா. பெரட்டுக்கு வந்த ஆளப் புடிச்சுக்கிட்டுப் போவியா? ஜப்பான்காரனுக்கும் ஒனக்கும் என்னா வித்தியாசம்?"

பிச்சைக்கு அண்ணன் ஒருவன் சயாமுக்குப் போனவன், திரும்பவில்லை. குச்சியைக் கீழே போட்டான்.

நேர்த்திக்கடனை மருதம்மாள் விடவில்லை. அடுத்த வெள்ளி தலைக்குக் குளித்து, முட்டையை எடுத்துக்கொண்டு, ராக்காயியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு புற்றுக்குப் போனாள். நான் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"குடி."

"மதினி..."

"குடிடீ. அவ வாசல்லயே நின்னு குடி. ஒளிச்சுக் குடிக்கிற வேலையெல்லாம் இனிமே வேணாம். நேந்த முட்ட நேந்த எடத்துல செலவாவட்டும். யாரு வயித்துல போனா என்னா, நாகம்மாவுக்குத்தானே போவுது." ராக்காயி குடித்து முடித்ததும் மருதம்மாள் முட்டையோட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "இது கோழிக்கு. இடிச்சுப் போட்டாத்தான் அடுத்தது போடும்."

ஓடு தின்ற கோழி புரட்டாசியிலிருந்து வாரம் இரண்டு முட்டை போட்டது. இரண்டாவது யாருக்கு என்று அந்த வீட்டில் சண்டை வரவில்லை. ஒரு தடவை மட்டும் கூடையில் காணவில்லை. அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

மார்கழியில் கிழங்கு பிடுங்கினார்கள். முந்நூறு செடியில் நூற்று எண்பதுக்கு மேல் தேறியது. ஒரு கிழங்கு இருந்தது; அதன் ஒரு முனை அடுப்பில் வெந்து இறக்கியபோது மறு முனை வாசலில் பச்சையாகக் கிடந்தது. அந்த முனை என் வாசல் பக்கம் நீட்டிக்கொண்டிருந்ததால் எனக்கும் பங்கு கிடைத்தது. பிச்சைக்கு ஒரு கூடை கொடுத்தார்கள். அவன் அதைத் தலையில் வைத்துக்கொண்டு, "கை மாறாத சரக்கு, டிரஸ்ஸரய்யா!" என்று கத்திக்கொண்டே போனான். நாகம்மா கொல்லை ஓரத்தில் சாக்கின் மேல் உட்கார்ந்து மண்ணைத் தின்றாள். ஒன்பது மாதத்துக்கு நல்ல கனம். தூக்கினால் இடுப்பு சாய்ந்தது.

பிடுங்கி முடித்தபோது புற்றை ஒட்டி ஒரு வரிசை நின்றது. இருபது செடி இருக்கும். அம்மாசி சாங்குலைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

"அம்மாசி, அந்த வரிசைய மறந்துட்டியே" என்றேன்.

"எலிக்கு" என்றான்.

நான் அவனைப் பார்த்தேன். பசியில் புத்தி பேதலித்தவர்களை அந்த வருடம் நிறையப் பார்த்திருந்தேன். அவன் நின்றான். சாங்குலை இறக்கினான். மூச்சை இழுத்தான்.

"எலி இல்லாட்டி பாம்பு எதத் திங்கும்? அப்பறம் அக்கா மறுபடி முட்டையத் தூக்கிட்டுப் போயிருமே."

எண்ணிப் பார்த்தேன். எலிக்கு என்றதையும் சேர்த்தால் பன்னிரண்டு வார்த்தை. அடுத்த இரண்டு நாளும் அவன் வாயைத் திறக்கவில்லை.